மூன்று விசில்

ஜனவரி 20, செவ்வாய்

ஸ்டாஃப் மீட்டிங்குக்கு மூணே மூணு நிமிஷம் லேட். அதுக்குள் என் தலையில் ஒரு வாரத்தையே கட்டிவிட்டார்கள், புண்ணியவான்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் லேபில் மயில்துத்தக் கரைசலைக் கவிழ்த்துவிட்டான். துடைத்துவிட்டு வருகிறேன் என்று ஆளிடம் சொல்லி அனுப்பினேன். யார் காதில் விழுந்தது?

உள்ளே போனதும் ஹெச்.எம். அருள்மேரி மேடம், "வாங்க கோகிலா, உங்களைத்தான் போட்டிருக்கோம்" என்றார், சிரித்த முகமாக. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எப்போதும் ஒரு வேலை இருக்கும். மினிட்ஸ் நோட்டில் எழுதியே முடித்துவிட்டார்கள்: 'நடந்து வா, மிதித்து வா' வாரம், பிப்ரவரி 2 முதல் 6 வரை. பொறுப்பு: கோகிலவாணி, அறிவியல் ஆசிரியை.

வேண்டாத வேலை என்றும் சொல்ல முடியாது. காலை எட்டே முக்காலுக்கு எங்கள் கேட்டு முன்னால் ஒருதடவை நின்று பார்க்கணும். ஒரு புள்ளைக்கு ஒரு பைக். திரும்ப இடமில்லாமல் ஹாரன் மேல் ஹாரன். போன வாரம் உள்ளே தமிழ்த்தாய் வாழ்த்து பாடுகிறோம், வெளியே ஒரு அப்பாவும் ஒரு ஆட்டோக்காரரும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இதில் பாதிப் புள்ளைகளுக்கு வீடு ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான்.

பி.டி. மாஸ்டர் சென்னியப்பன்தான் யோசனை சொன்னார். "ஏனுங் டீச்சர், பஸ்ஸாட்டமே உடலாமுங்க. முன்னால ஒரு டிரைவரு, கடைசில ஒரு கண்டக்டரு, நடுவுல புள்ளைக. ஸ்டாப்பு ஸ்டாப்பா ஏத்திக்கிட்டு நடந்தே வந்துரட்டும்."

யோசனை நல்லாத்தான் இருக்கிறது. அதை அவர் தலையிலேயே கட்டியிருக்கக் கூடாதா?

ஜனவரி 21, புதன்

சார்ட் அட்டை 6, பச்சைப் பொட்டு ஸ்டிக்கர் 40 அட்டை, விசில் 4. கடைக்காரர் விசிலை ஊதிப் பார்த்துத்தான் கொடுப்பேன் என்றார். வேண்டாம் சாமி என்று பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

நாலு பஸ், நாலு ரூட். இரண்டாம் நம்பர் பஸ் எங்கள் வீட்டுப் பக்கம்: பிள்ளையார் கோயில், ரேஷன் கடை, மாவுக்கடை, வாய்க்கால் பாலம், ஸ்கூல். பிள்ளையார் கோயிலில் 8.20க்குக் கிளம்பி 8.45க்குக் கேட்டுக்கு வரணும். பாலத்தில் ரோட்டைக் கடக்க வைக்க மாஸ்டர் நிற்பார்.

விதிகளை நானே உட்கார்ந்து எழுதினேன். ஒரு விசில், நில். இரண்டு விசில், ரைட் போலாம். மூணு விசில், ஆபத்து. 'யாராவது பின்தொடர்ந்து வந்தால், அவர் யாராக இருந்தாலும், கண்டக்டர் மூன்று முறை ஊத வேண்டும். எல்லோரும் பக்கத்திலுள்ள தெரிந்த கடைக்குள் போய், பொறுப்பாசிரியருக்கு போன் செய்யச் சொல்ல வேண்டும்.' 'யாராக இருந்தாலும்' என்பதில் சிவப்பு மையில் கோடு போட்டேன். பிரேயரில் எல்லாரையும் மூணு தடவை சொல்ல வைத்து மனப்பாடம் ஆக்கிவிட்டேன். நான் ஒரு காரியத்தைப் பிடித்தால் அரைகுறையாக விடமாட்டேன்.

சாயங்காலம் பெற்றோர் கூட்டம். விதிகளை எல்லாம் வாசித்து முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டேன். முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்தார். "டீச்சர், உங்க பாப்பா எந்த பஸ்ல வருதுங்க?"

"வருவா, வருவா" என்றேன். எந்த பஸ் என்று சொல்லவில்லை. டீ ஆறிப்போகிறது என்று பேச்சை மாற்றினேன்.

ஜனவரி 24, சனி

என் பொண்ணு சஷ்டிகா எங்கள் ஸ்கூலில்தான் ஆறாவது படிக்கிறாள். எனக்கும் அதே ஸ்கூல், அதே நேரம். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருகிறாள். இதில் தனியாக நடக்க என்ன அவசியம் என்று கேட்கிறேன்.

ஆனால் இரண்டாம் நம்பர் பஸ் புள்ளைகள் அவளைத்தான் கண்டக்டராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தொண்டை பெரிசாம். காலையிலிருந்து அவங்க அப்பாவின் பழைய தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காலண்டர் தாளைக் கத்தரித்து டிக்கெட் அடிக்கிறாள். வீடு பூராவும் காகிதக் குப்பை.

"கண்ணு, இந்த வருஷம் வேண்டாமே. கால் வலிக்கும்."

"வலிக்கலைம்மா. ஓடவே செய்யலாம்னு டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆச்சு."

டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அவள் டிக்கெட் அடிப்பதை நிறுத்தவில்லை.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம், ஆளுக்கு ரெண்டு ஆரஞ்சு மிட்டாய். அப்புறம் மாஸ்டர் மைதானத்தில் சைக்கிள் பரிசோதனை வைத்தார். வாரக் கடைசி வெள்ளிக்கிழமையைச் சைக்கிள் நாளாக வைத்திருக்கிறோம். வந்தது 41 வண்டி, அதில் 17க்கு பிரேக்கே இல்லை. எப்படிடா நிறுத்துவீங்க என்றால், செருப்பைத் தரையில் தேய்த்துக் காட்டுகிறார்கள். தினமும் இப்படித்தான் வருகிறார்களாம். சரிபண்ணி வந்தால்தான் உள்ளே விடுவேன் என்று கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்தால் இவர் வேறு. தினமும் திருப்பூர் போய் வருகிற மனுஷன், லீவு நாளில்தான் வாய் திறப்பார். "ஏம்புள்ள, முந்நூறு புள்ளைகளை நடக்க வைக்கறே. நம்ம புள்ளையை மட்டும் வண்டிலயே வெச்சிருக்கப் போறியா?"

தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜனவரி 29, வியாழன்

இரண்டாம் நம்பர் ரூட்டை நானே நடந்து பார்த்தேன். 1,900 அடி எடுத்துவைத்தால் ஸ்கூல் வந்துவிடுகிறது. ரேஷன் கடை முன்னால் சாக்கடை மூடி உடைந்திருக்கிறது, வார்டு ஆளிடம் சொல்லணும். மாவுக்கடை பழனாத்தாள் அக்கா, "புள்ளைக வந்தா எங்கடையில நிக்கட்டுமுங்க, தண்ணி கிண்ணி குடிக்கட்டும்" என்றார். என் நம்பரை அவர் கடைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார்.

பாலம் தாண்டி ஒரு மைல்கல் இருக்கிறது. வண்டியில் போகும்போதெல்லாம் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவேன். இன்றைக்கும் அப்படியே போய்விட்டேன்.

பிப்ரவரி 2, திங்கள்

வந்துவிட்டார்கள்! நாலு பஸ்ஸும் வந்துவிட்டது! தூரத்தில் விசில் கேட்கிறது, அப்புறம் "ரைட் ரைட்" என்று சத்தம், அப்புறம் வளைவில் ஒரு கூட்டம். இரண்டாம் நம்பர் பஸ் டிரைவர் எட்டாவது ஹரிகேசவன், இல்லாத ஸ்டீரிங்கை வளைத்து வளைத்துத் திருப்பிக்கொண்டு, கண்டக்டர் விசிலையும் தானே ஊதிக்கொண்டு வந்தான். கேட்டு முன்னால் மொத்தமே ஒன்பது பைக்தான். ஹெச்.எம். மேடம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சஷ்டியை ஸ்கூலுக்கு நூறு மீட்டர் முன்னால், அயர்ன்காரர் தள்ளுவண்டி கிட்டே இறக்கிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

மத்தியானம் ஆறாம் வகுப்பு சார்ட்டைப் பார்த்தேன். நடந்தோ மிதித்தோ வந்தவர்கள் பெயருக்கு நேரே பச்சைப் பொட்டு ஒட்டணும். முப்பத்தாறு பேரில் முப்பத்தஞ்சு பொட்டு. ஒரு கட்டம் காலி.

வராந்தாவில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன். "கடைசியில நடந்துதானே வந்தே. ஒரு பொட்டு ஒட்டிக்கோ."

"அது பொய் டீச்சர்" என்றாள். ஸ்கூலில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடணும் என்பது நான் போட்ட சட்டம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றைக்கும் காலி.

சாயங்காலம் அவள் தோல் பையைக் கழட்டி ஆணியில் மாட்டிவிட்டாள். டிக்கெட்டை எல்லாம் நூல் கட்டி உள்ளே போட்டுவிட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"நாளைக்குப் போ" என்று சொல்லிவிட்டேன். அவள் குதித்த குதியில் சுவரில் இருந்த பல்லி விழுந்தது.

இப்போது இதை எழுதத்தான் வேண்டும். ரெண்டரை வருஷமாக எந்த நோட்டிலும் எழுதாதது.

அவள் நாலாவது படிக்கும்போது, ஒரு ஆகஸ்டு மாசம். பெல் அடித்ததும், "கேட்டுக்கிட்ட நில்லு சாமி, அஞ்சு நிமிஷத்துல வந்தர்றேன்" என்றேன். மார்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றணும், அது சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு வகுப்பு, இன்னும் ஒரு வகுப்பு என்று இருபத்தஞ்சு நிமிஷம் ஆக்கிவிட்டேன். புள்ள நின்று நின்று பார்த்துவிட்டுத் தானே நடந்தாள். பாலத்துப் பக்கம் அந்த மைல்கல் கிட்டே பால் கேன் கட்டின பைக் ஒன்று. வலது கால். மூணு மாசம் மாவுக்கட்டு.

ஊரே பால்காரரைத் திட்டியது. நானும் சேர்ந்து திட்டினேன். எப்படி ஆச்சு என்று கேட்டவர்களிடம் எல்லாம், "நில்லுன்னு சொன்னேன், கேக்காம ஓடிட்டா" என்றேன். இவரிடமும் அதைத்தான் சொன்னேன். எட்டு வயசுப் புள்ளை பக்கத்தில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும்போதே சொன்னேன்.

இருபத்தஞ்சு நிமிஷம் என்று இன்றைக்கு வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரி 4, புதன்
காலை 11.20, லேபில்

பஸ் 2 பதினாலு நிமிஷம் தாமதம். காரணம்: அடையாளம் தெரியாத ஒரு பெண் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்ததாகப் புகார். குழந்தைகள் விதிப்படி நடந்துகொண்டனர். அனைவரும் நலம். பொறுப்பாசிரியர் விசாரிக்கும்படி ஹெச்.எம். உத்தரவு.

பொறுப்பாசிரியர் நான்தான்.

சாயங்காலம்

சரி. என் நோட்டில் நானே மறைத்து என்ன ஆகப் போகிறது.

கேட்டு டியூட்டி இருக்கிறது, முன்னாடியே போகிறேன் என்று காலையில் சஷ்டியிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ரேஷன் கடைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினேன். சேலையைப் பார்த்தால் புள்ளைகள் கண்டுபிடித்துவிடும் என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டேன். மூஞ்சியைப் பழைய துப்பட்டாவால் சுற்றினேன். பிப்ரவரி மாசம், சுள்ளென்று வெயில். அந்த நேரத்தில் எனக்கு அது ரொம்ப புத்திசாலித்தனமாகப் பட்டது.

முப்பது அடி தள்ளி உருட்டிக்கொண்டே போனேன். கடைசி ஆளாக என் புள்ளை. தோளில் பை. வலது காலை இன்னும் கொஞ்சம் பார்த்துத்தான் வைக்கிறாள், ஆனால் நன்றாக நடக்கிறாள். ஒரு சின்னப் பொண்ணு செருப்பு வார் அறுந்து நின்றபோது ஒரு விசில் ஊதி மொத்த பஸ்ஸையும் நிறுத்தி, ஊக்கு போட்டுக் கொடுத்து, இரண்டு விசில் ஊதிக் கிளப்பினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துப்பட்டா நனைந்தது.

திடீரென்று மூணு விசில்.

மறு நிமிஷம் ரோட்டில் ஒரு புள்ளை இல்லை! பதினெட்டுப் பேரும் மாவுக்கடைக்குள். நான் பதறிப்போய்ப் பக்கத்துச் சந்துக்குள் வண்டியைத் திருப்பினேன். ஆபத்து எங்கே, யார் வந்தது என்று சுற்றுமுற்றும் பார்க்கிறேன். ஆபத்து நான்தான் என்று உறைக்கவே அரை நிமிஷம் ஆனது.

அதுக்குள் போன் அடித்தது.

"டீச்சருங்களா? மாவுக்கடை பழனாத்தா பேசறேனுங்க. உங்க பஸ்ஸு எங்கடைக்குள்ளாற நிக்குதுங்க. எவளோ ஒருத்தி, மழையுமில்ல கிழையுமில்ல, மழைக்கோட்டு மாட்டிக்கிட்டுப் புள்ளைக பின்னாலயே வர்றாளாமா. மூஞ்சியை வேற சுத்திருக்கறாளாமா. எங்கையில மட்டும் கெடைச்சா, மாவுக் கரண்டிலயே நாலு சாத்து சாத்திப்போடுவேன்."

"நான்... நான் பாத்துக்கறேங்க்கா" என்றேன். மழைக்கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது.

ஸ்கூலில் ஒரே அமளி. ஹரிகேசவன் ஹெச்.எம். ரூமில் நின்று சாட்சி சொன்னான். "சாம்பக் கலர் ஸ்கூட்டர் மேடம். நம்ம கோகிலா டீச்சர் வண்டியாட்டமே இருந்துச்சு." மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ஃபேனைப் பார்த்துக்கொண்டே, "ஊருக்குள்ள சாம்பக் கலரு வண்டி ஆயிரங் கெடக்குதுங்க மேடம்" என்றார். நீ பார்த்தாயா என்று மேடம் சஷ்டியிடமும் கேட்டார். அவள் நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூணு மணிக்குள் பதினோரு பெற்றோர் போன். மாலை பெல்லுக்கு முன்னால் மேடம் கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து நடை பஸ் வேண்டாம் கோகிலா. ஆள் யாருன்னு தெரியாம ரிஸ்க் எடுக்க முடியாது" என்றார்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மனசு லேசானது. இனி சஷ்டி வண்டியிலேயே வருவாள். அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சஷ்டி வந்து சமையல் மேடை மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"ரேஷன் கடைகிட்டயே தெரியும்மா. உன் வண்டி பிரேக் புடிச்சா கீச்சுன்னு கத்தும்."

"தெரிஞ்சுமா ஊதினே?"

"யாராக இருந்தாலும்னு நீதானே எழுதுனே. சிவப்புக் கோடு வேற போட்டே."

"அதுக்காக அம்மாவையா?"

"நான் ஊதுவேன்னு உனக்குத் தெரியணும்ல" என்றாள். "தெரிஞ்சாத்தானே நீ பயப்படாம இருப்பே."

அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். "மேடம் கேட்டப்ப ஏன் சாமி சொல்லலை?"

"நீதான் சொல்லணும்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரெண்டரை வருஷமாக மறைத்து வைத்தது வெளியே வந்துவிட்டது. "சஷ்டி, அன்னைக்கு நீ ஓடலை. நான்தான் வரலை. அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டு இருபத்தஞ்சு நிமிஷம் வரலை. பழியைத் தூக்கி உம்மேல போட்டுட்டேன்."

அவள் ஆச்சரியமே படவில்லை. "தெரியும்மா. நானும் அங்கதானே இருந்தேன்" என்றாள்.

இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் ஓவென்று அழுதேன். இவர் பஸ் இறங்கி வந்து, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவரிடமும் சொன்னேன். கேட்டுவிட்டுப் போய் அரிசியை அவரே அடுப்பில் வைத்தார்.

பிப்ரவரி 5, வியாழன்

நடை பஸ் இல்லாததால் கேட்டு முன்னால் பழையபடி பைக் கூட்டம். ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று, பெற்றோர் எல்லாரும் அங்கேயே இருந்தார்கள். பழனாத்தாள் அக்காவும் சாட்சி சொல்ல வந்திருந்தார். முதலில் மேடம் ரூமுக்குப் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் பெற்றோரையும் உள்ளே கூப்பிட்டு, பிரேயரில் மைக்கைக் கொடுத்தார்.

"நேத்து புள்ளைக பின்னால வந்த பொம்பளை நான்தான்" என்றேன். "எம்புள்ளைக்கு இதே ரோட்டுல ஒருதடவை அடிபட்டுச்சு. அன்னைக்கு நான் சொன்ன நேரத்துக்கு வராம விட்டுட்டேன். அந்தப் பயத்துல நேத்து பின்னாலயே போனேன். உங்ககிட்ட பயப்படாதீங்கன்னு சொல்லிட்டு நான் பயந்தேன். தப்பு என்னுது. புள்ளைக மேல ஒரு தப்பும் இல்லை. சொல்லிக் கொடுத்தபடி அச்சுப் பிசகாம செஞ்சாங்க."

எட்டாம் வகுப்பு வரிசையில் இருந்து ஹரிகேசவன், "மழைக்கோட்டு டீச்சர்!" என்றான். மைதானமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். இனி ரிட்டையர் ஆகிற வரைக்கும் எனக்கு இதுதான் பேர்.

"அட, நீங்கதானுங்களா!" என்று பழனாத்தாள் அக்கா வாயில் கை வைத்தார். "நல்லவேளை எங்கையில கெடைக்கல போங்க." அன்றைக்குப் பெற்றோர் கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்த அம்மா என் கிட்டே வந்து, "எனக்கும் அப்படித்தானுங்க டீச்சர், மொத நாளு ஜன்னல்லயே நின்னேன். ஆனா புள்ளைக நம்மளை விட வெவரமாத்தான் இருக்குதுக. நாளைக்கு அனுப்பறேனுங்க" என்றார். மத்தவர்களும் ஒவ்வொருத்தராகத் தலையாட்டினார்கள். மேடம் அங்கேயே சொல்லிவிட்டார், நாளைக்கு பஸ் உண்டு.

அப்பாடா! தோளில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருக்கிறது. மத்தியானம் ரெண்டு டிபன் பாக்ஸ் சோறு சாப்பிட்டேன். ஒன்று மாஸ்டருடையது.

பிப்ரவரி 6, வெள்ளி

வண்டியை மெயின் ரோட்டு வழியாகவே ஓட்டிக்கொண்டு போனேன். ரேஷன் கடைப் பக்கம் திரும்பவில்லை. பிரேக்குக்கு எண்ணெயும் விடவில்லை, கத்தினால் கத்தட்டும்.

சைக்கிள்காரர்கள் முதலில் வந்தார்கள், முப்பத்தெட்டு வண்டி. அத்தனை பேரும் என் முன்னால் பிரேக் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

8.45. இரண்டாம் நம்பர் பஸ் வரவில்லை.

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 8.46. பாலத்துப் பக்கம் ஒரு லாரி, ஒரு மாட்டுவண்டி. 8.47. வண்டிச் சாவி கையில் இருந்தது. அதைத் தூக்கி மாஸ்டர் கையில் கொடுத்து, நான் கேட்டாலும் தராதீங்க என்றேன். "சரிங் டீச்சர்" என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பாலத்தில் நிற்க வேண்டிய மனுஷன் இங்கே என்ன செய்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. "அட, எல்லாத்தையும் பாலம் தாண்டி உட்டுட்டுத்தானுங்க வந்தேன். கொய்யாக்காகாரரு ஆளுக்கொண்ணு குடுக்கறாரு. வாங்கிக்கிட்டு வருதுக" என்றார். அதை முதலிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா!

நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, என்னால் நிற்க முடியவில்லை. எட்டு வயசில் அவள் இதே கம்பியைப் பிடித்துக்கொண்டு இதே இடத்தில் இதைவிட எவ்வளவோ நேரம் நின்றாள். என் தங்கமே, எப்படி நின்றாயோ.

8.49. வளைவுக்கு அந்தப் பக்கம் இரண்டு விசில்.

ஹரிகேசவன் ஒரு கையில் ஸ்டீரிங், ஒரு கையில் கொய்யாவோடு வந்தான். பின்னால் எல்லாரும் கடித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் என் கண்டக்டர். கேட்டுக்கு வந்ததும் ஒரு விசில் ஊதி நிறுத்தி, பதினேழு பேரையும் தலை தொட்டு எண்ணி உள்ளே அனுப்பினாள். அப்புறம் என் முன்னால் வந்து நின்றாள்.

"நாலு நிமிஷம் லேட் டீச்சர். சாரி. ரொம்ப நேரம் நின்னீங்களா?"

"இல்லை கண்ணு" என்றேன். "இப்பத்தான் வந்தேன்."

பொய் என்று அவளுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே பையில் இருந்து அரைக் கொய்யாவை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, பச்சைப் பொட்டு ஒட்ட வகுப்புக்கு ஓடினாள். ஓடித்தான் போனாள். நான் கூப்பிடவில்லை.